பேரீச்சம்பழப் பூரணம் வைத்த பிஸ்கட்: சென்னை வெயிலுக்கு ஏற்ற பக்குவம்

பழைய குடும்பக் குறிப்புகளில் ‘வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்கட்டும்’ என்று ஒரு வரி இருக்கும். அது குளிர்ப் பிரதேசத்து அறை, 18-20 டிகிரி. மே மாதம் நம் சமையலறையில் வெண்ணெயை வெளியே வைத்து மறந்தால் உருகிப் பிரிந்து நிற்கும். பிஸ்கட் தட்டில் பரந்து, ஓரம் வாய் பிளப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதி, இளகலான பூரணம்.

ஏறக்குறைய 24 பிஸ்கட்டுக்கு: மைதா 250 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 115, பொடித்த சர்க்கரை 100, முட்டை 1, பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், வெனிலா எசென்ஸ் 1 டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன். பூரணத்துக்குக் கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 180 கிராம், தண்ணீர் 100 மி.லி., எலுமிச்சைச் சாறு 2 டீஸ்பூன். சர்க்கரை வேண்டாம், பழத்தின் இனிப்பே தாராளம்.

உங்கள் வீட்டுக் குறிப்பு அவுன்ஸ் கணக்கில் இருந்தால் 1 அவுன்ஸுக்கு 28 கிராம். டால்டா என்று எழுதியிருந்தால் அதே அளவு வெண்ணெய் போடாதீர்கள். டால்டா முழுக்கக் கொழுப்பு. வெண்ணெயில் சுமார் 80 சதவீதம்தான், மீதி பெரும்பாலும் தண்ணீர். 100 கிராம் டால்டாவுக்கு 120 கிராம் வெண்ணெய் போட்டு, அந்தக் குறிப்பில் பால் இருந்தால் அதில் ஒரு டேபிள்ஸ்பூன் குறையுங்கள். வீட்டில் கடைந்த வெண்ணெய் என்றால் ஐஸ் தண்ணீரில் போட்டு, மோர் போகப் பிழிந்த பிறகு எடை பாருங்கள்.

முதலில் பூரணம். பழத்தைப் பொடியாக நறுக்கி, தண்ணீர் சேர்த்துச் சிறு தீயில் 6-8 நிமிடம் மசித்துக்கொண்டே கிளறுங்கள். கரண்டியால் வாணலியின் அடியில் ஒரு கோடு இழுத்தால் அது மூடிக்கொள்ளாமல் நிற்க வேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால், ஓவனுக்குள் தண்ணீர் ஆவியாகி ஓரத்தைப் பிளந்துகொண்டு வெளியே வரும். தட்டில் கருகி ஒட்டும். இறக்கியதும் எலுமிச்சைச் சாறு சேர்த்து, நன்றாக ஆறவிடுங்கள். பேரீச்சைக்குப் பதில் உலர்திராட்சை என்றால் ஒரு டீஸ்பூன் சோளமாவைக் கரைத்து ஊற்றிக் கிளற வேண்டும், தானாகக் கெட்டிப்படாது.

வெண்ணெயை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் பதத்தில் சர்க்கரையோடு குழையுங்கள். பளபளத்தால் தாண்டிவிட்டது, 10 நிமிடம் திரும்ப உள்ளே வையுங்கள். முட்டை, எசென்ஸ், பிறகு சலித்த மாவு, பேக்கிங் பவுடர், உப்பு. சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசைந்தால் பிஸ்கட் கடினமாகிவிடும்; உலர்ந்த மாவு கண்ணில் படாத அளவுக்குச் சேர்ந்ததும் நிறுத்துங்கள். இரண்டாகப் பிரித்துத் தட்டி, மூடி, ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில்.

ஒரு பங்கை மட்டும் எடுத்து, இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் 3 மி.மீ. கனத்துக்குத் தேயுங்கள். ஒட்டுகிறதே என்று மைதா தூவினால் ஓரம் ஒட்டாது. 6 செ.மீ. வாய் உள்ள டம்ளரால் வட்டமாக வெட்டி, நடுவில் ஒரு டீஸ்பூன் பூரணம். சுற்றி ஒரு செ.மீ. காலியாக இருக்கட்டும். ஓரத்தில் லேசாகத் தண்ணீர் தடவி, இன்னொரு வட்டத்தை மூடி, முள்கரண்டியால் அழுத்துங்கள். மேலே சின்னதாக ஒரு கீறல், ஆவி போக. வெட்டிய மிச்சத்தைச் சேர்த்து மறுபடி தேய்க்கலாம், ஒரு தடவைதான். முழுத் தட்டையும் 15 நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். சென்னையில் இதைத் தவிர்க்கவே கூடாது.

பழைய குறிப்புகளின் ‘மிதமான சூடு’ என்பது 180 டிகிரி. ஓடிஜியை (சிறிய மின்சார ஓவன்) 15 நிமிடம் முன்கூட்டிச் சூடாக்கி, மேல், கீழ் இரண்டு ராடும் போட்டு, நடுத்தட்டில் 13-15 நிமிடம். ஓவனுக்குள் ஃபேன் ஓடினால் 165 போதும். ஓரம் பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள். நடு வெளிறித்தான் இருக்கும். அடி மட்டும் கருகினால் கறுப்புத் தட்டின் அடியில் இன்னொரு தட்டு வையுங்கள்.

முதல் நாள் மொறுமொறுப்பு, மறுநாள் பூரணத்தின் ஈரம் இறங்கி மெத்தென்று ஆகும். இந்த பிஸ்கட்டின் இயல்பே அதுதான். முழுக்க ஆறிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் மூன்று, நான்கு நாள் தாங்கும். அதற்கு மேல் ஃப்ரிட்ஜ்.