மக்கள் வெறுக்கும் போரில் தலைவரின் மனசைப் படிப்பது எப்படி

முதலில் மேடைப் பேச்சை ஓரமாக வையுங்கள், தலைவர் தனியாக என்ன பேசினார் என்று தேடுங்கள். வியட்நாம் போர்க்கால அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1964 மே 27 அன்று தன் பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டியிடம், வியட்நாமில் சண்டை போடுவதில் அர்த்தமில்லை, ஆனால் வெளியே வரவும் வழியில்லை என்கிற மாதிரி தொலைபேசியில் புலம்புகிறார், ஒலிப்பதிவே இருக்கிறது. 1965 ஜூலை 28 அன்று அதே மனிதர்தான் அங்கிருக்கும் அமெரிக்கப் படையை 75,000-லிருந்து 1,25,000 ஆக உயர்த்துவதாக அறிவிக்கிறார்.

சரி, ஏன்? அவர் யாருக்குப் பயப்படுகிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் எதிரி நாட்டுக்கு இல்லை, உள்ளூர்க்காரர்களுக்குத்தான். 1949-ல் சீனா கம்யூனிஸ்டுகள் கைக்குப் போனதும் அப்போதைய அதிபர் ட்ரூமன் உள்நாட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது ஜான்சனுக்கு மறக்கவில்லை. வியட்நாமையும் விட்டுவிட்டால் தன் சமூக நலத் திட்டங்களும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் படுத்துவிடும் என்று கணக்குப் போட்டார்.

அப்புறம், கூட்டத்தில் மாற்றுக் கருத்துக்காரர் ஒருவர் இருக்கிறார் என்பதை வைத்து ஏமாறாதீர்கள். வியட்நாமிலிருந்து விலகிவிடலாம் என்று வெளியுறவுத் துறை துணைச் செயலர் ஜார்ஜ் பால் 1965-லேயே எழுதிக் கொடுத்தார். ஜான்சன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

கருத்துக்கணிப்பை விட நெருங்கிய வட்டத்தைக் கவனியுங்கள். 1968 மார்ச்சில், அதுவரை போரை ஆதரித்த மூத்த ஆலோசகர்களில் பெரும்பாலோர் கைவிரித்த பிறகுதான், குண்டுவீச்சைக் குறைப்பதாகவும் மறுபடி அதிபர் தேர்தலில் போட்டியிடப் போவதில்லை என்றும் 31-ஆம் தேதி இரவு ஜான்சன் தொலைக்காட்சியில் சொன்னார்.