ஒரு கதை, மூன்று முகவரி: சிறுகதை அனுப்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியில் மாதம் ஒருமுறை நாங்கள் சிலர் கூடிக் கதை வாசிப்போம். போன மாதம் எல்லாரும் எழும்பிப் போகிற நேரத்தில், முரசுமோட்டையில் இருந்து வருகிற தம்பி ஒருவர் கைபேசியை நீட்டினார். "ரீச்சர், முதல் கதையை அனுப்பிட்டன், பாருங்கோ."

பார்த்தேன். ஒரே மின்னஞ்சல். பெறுநர் இடத்தில் மூன்று முகவரிகள் வரிசையாக இருந்தன: ஒரு ஞாயிறு பத்திரிகை, ஒரு மாத இதழ், ஒரு போட்டிக் குழு. "எது முதல்ல எடுக்குதோ எடுக்கட்டும் எண்டு போட்டன்."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மூன்று ஆசிரியர்களும் ஒருவர் முகவரியை மற்றவர் பார்ப்பார்களே என்பது ஒரு பக்கம். அதைவிட, 2013 இல் நான் செய்த அதே வேலையை இந்தப் பிள்ளை இன்னும் வேகமாகச் செய்திருக்கிறார். அன்று இரவே இதை எழுத உட்கார்ந்தேன். எழுத்துப்பிழை பாருங்கள், பக்க எண் போடுங்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. அவற்றை விடுகிறேன்.

ஆண்டில்லாத அறிவித்தல்

வாட்ஸ்அப்பில் சுற்றும் போட்டி அறிவித்தல்களில் பாதிக்கு ஆண்டு இருக்காது. "முடிவுத் திகதி ஒக்டோபர் 31" என்று மட்டும் இருக்கும். விசுவமடுவில் இருந்து ஒரு தங்கச்சி அப்படி ஒன்றை நம்பி, மூன்று கிழமை மினக்கெட்டு ஒரு கதை எழுதி, பதிவுத்தபாலில் அனுப்பினார். அந்தப் போட்டி இரண்டு வருடத்துக்கு முன்னர் முடிந்து பரிசும் கொடுத்தாயிற்று. அறிவித்தல் கையில் கிடைத்தால் முதல் வேலை, அதை வெளியிட்டவர்களிடமே போய்ப் பார்ப்பது. அவர்களுடைய இதழிலோ முகநூல் பக்கத்திலோ அது இல்லாவிட்டால், தொலைபேசி இலக்கத்துக்கு ஒரு அழைப்பு எடுங்கள். இலக்கமும் இல்லாத போட்டிக்குக் கதை அனுப்ப வேண்டாம்.

முடிவுத் திகதியிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "அன்றைய திகதிக்கு முன்னர் கிடைக்கக்கூடியதாக" என்றால் கதை அதற்கு முன்னரே அவர்கள் மேசையில் இருக்க வேண்டும். தபால் முத்திரையில் அந்தத் திகதி விழுந்திருந்தால் போதும் என்று நினைத்து, கடைசி நாளில் தபால் கந்தோருக்கு ஓடுகிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

நின்றுபோன இதழுக்கு அனுப்புவது

ஊரில் பெரியவர்கள் அன்போடு சொல்வார்கள், "மல்லிகைக்கு அனுப்பிப் பார் பிள்ளை." டொமினிக் ஜீவா 1966 இல் தொடங்கிய மல்லிகை எத்தனையோ பேரை எழுத்தாளராக்கியது உண்மை. ஆனால் 2021 இல் ஜீவா காலமாவதற்குப் பல வருடங்களுக்கு முன்னரே இதழ் நின்றுவிட்டது. தமிழ்நாட்டில் கல்கி 2020 இல் அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போனது. ஒரு இதழின் கடைசி வெளியீடு எந்த மாதத்தினுடையது என்று பார்க்காமல் கதையை அனுப்பாதீர்கள். 2007 இல் அல்வாயில் தொடங்கிய ஜீவநதியாகட்டும், 2000 இல் தொடங்கிய ஞானமாகட்டும், எல்லாவற்றுக்கும் இதே சோதனைதான்.

பழைய இதழ்களை வாசிக்க வழி இல்லை என்று இங்கே யாரும் சொல்ல முடியாது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேர்த்து வைக்கிற 'நூலகம்' (noolaham.org) இணையத்தளத்தில் நூற்றுக்கணக்கில் இலவசமாகக் கிடக்கின்றன. நாலு இதழைப் புரட்டினால் எந்த அளவுக் கதை போடுகிறார்கள், எந்த மாதிரிக் கதையை விரும்புகிறார்கள் என்று கைக்குப் பிடிபடும். ஞானம் நடத்திவந்த புலோலியூர் க. சதாசிவம் ஞாபகார்த்தச் சிறுகதைப் போட்டி போன்றவற்றின் அறிவித்தலையும் முடிவையும் அந்தப் பழைய இதழ்களிலேயே பார்க்கலாம். எந்தப் போட்டி எந்த மாதத்தில் அறிவிக்கப்பட்டு வந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டால், வாட்ஸ்அப்பைப் பார்த்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை.

ஒரே கதையை இரண்டு இடத்துக்கு அனுப்புவது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2013 இல் வட்டக்கச்சியில் இருந்தேன். மீள்குடியேறி வந்து தன் கிணற்றை இறைக்கிற ஒரு ஆச்சியைப் பற்றி ஒரு கதை எழுதினேன். நான் எழுதியதில் அதுதான் நல்ல கதை, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். பங்குனி மாதம் ஒரு ஞாயிறு பத்திரிகைக்கு அனுப்பினேன். பதில் இல்லை. சித்திரை போய், ஆனி போய், ஆவணியும் போனது. கதை பிடிக்கவில்லை, குப்பைக்குள் போயிருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். ஐப்பசியில் ஒரு போட்டி வந்தது. அதே கதையை அனுப்பினேன். படிவத்தில் "இப்படைப்பு எங்கும் பிரசுரமாகாதது, வேறெங்கும் பரிசீலனையில் இல்லாதது" என்று ஒரு வரி. கையெழுத்துப் போட்டேன்.

மார்கழியில் அழைப்பு வந்தது. முதல் பரிசு. எங்கள் வீட்டில் அன்றைக்குப் பாயசம் காய்ச்சினார்கள்.

பரிசளிப்புக்கு ஒன்பது நாள் இருக்கையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பரந்தனில் இருந்து கூடப் படிப்பிக்கிற ஒரு ரீச்சர் எடுத்தார். "உங்கட கதை பேப்பரில வந்திருக்கு." அரை மணித்தியாலம் சந்தோசமாகத்தான் இருந்தேன். பிறகுதான் அந்தக் கையெழுத்து ஞாபகம் வந்தது. நடுவர்களில் ஒருவரும் அந்தப் பத்திரிகையை வாசிப்பவர். திங்கட்கிழமை பின்னேரம் ஏற்பாட்டாளர் பேசினார். கோபமாகப் பேசவில்லை. "தங்கச்சி, இது நீங்கள் எங்களுக்கு அனுப்பின கதைதானே?" என்று மட்டும் கேட்டார்.

பரிசுக் கதைகளை ஒரு சிறு புத்தகமாக ஏற்கனவே அடித்துவிட்டார்கள். மாசியில் எனக்கும் ஒரு பிரதி வந்தது. உள்ளடக்கத்தில் முதல் வரி நீலப் பேனையால் அடிக்கப்பட்டிருந்தது. என் கதை இருந்த தாள்களை பிளேட்டால் வெட்டி எடுத்திருந்தார்கள். தையல் ஓரத்தில் விரற்கடை அகலத்துக்கு வெட்டிய அடி நின்றது, அதில் வரிகளின் முதல் எழுத்துகள் மட்டும். எத்தனை பிரதிகளில் யாரோ ஒருவர் இருந்து அப்படி வெட்டியிருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன்.

பரிசுப் பணம் போனதை மறந்துவிட்டேன். மறக்க முடியாதது வேறு. பத்திரிகையில் இடம் போதாமல் கதையின் கடைசிப் பந்தியை வெட்டியிருந்தார்கள். ஆச்சி முதல் வாளித் தண்ணீரை என்ன செய்கிறாள் என்பது அந்தப் பந்தியில்தான் இருந்தது. அந்த வெட்டுப்பட்ட வடிவம்தான் இன்றைக்கு அச்சில் இருக்கிற ஒரே வடிவம். அதற்குப் பிறகு நான் கேட்ட இதழ்கள் எல்லாம், ஒருமுறை வந்துவிட்டதே என்று மறுத்துவிட்டன. ஒரு கதைக்கு முதல் பிரசுரம் ஒருமுறைதான் கிடைக்கும். அதைப் பார்க்காமல் செலவழித்துவிட்டேன்.

இந்தத் தவறு பேராசையால் வருவது குறைவு. பதில் வராததால் வருகிறது. எங்கள் பத்திரிகைகளில் பல, எடுத்தால் அறிவிக்காது, எடுக்காவிட்டாலும் அறிவிக்காது. எட்டு மாதம் கிடந்த கதை திடீரென்று ஒரு ஞாயிறு வெளிவரும். அதனால் பதில் வரவில்லை என்பதை மறுப்பு என்று எடுக்கக் கூடாது. மூன்று மாதம் பொறுங்கள். பிறகு மரியாதையாக ஒரு வரி கேளுங்கள். இன்னும் ஒரு மாதம் பொறுத்தும் ஒன்றும் இல்லையென்றால் இப்படி எழுதுங்கள்: "இன்ன திகதியில் அனுப்பிய இன்ன சிறுகதையைத் தங்கள் பரிசீலனையில் இருந்து திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தயவுசெய்து பிரசுரிக்க வேண்டாம்." அந்தக் கடிதத்துக்கு ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, முடிந்தால் தொலைபேசியிலும் சொல்லிவிட்டு, அப்புறம் அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள்.

ஒரு கொப்பி வையுங்கள். கதையின் பெயர், அனுப்பிய இடம், திகதி, கேட்ட திகதி, திரும்பப் பெற்ற திகதி. என்னுடையது ஒரு எண்பது பக்கக் கொப்பி, 2014 இல் இருந்து அதே கொப்பிதான்.

முகநூலில் போடுவதும் பிரசுரம்தான். "கருத்துச் சொல்லுங்கோ எண்டு பாதியைத்தான் போட்டன்" என்று ஒருவர் என்னிடம் வாதிட்டார். போட்டிக் குழு அந்த வாதத்தைக் கேட்கப்போவதில்லை. கருத்து வேண்டுமென்றால் அச்செடுத்து மூன்று பேருக்குக் கொடுங்கள். எங்கள் வட்டம் இருப்பதே அதற்குத்தான்.

இரண்டு இடத்துக்கு அனுப்பலாம் என்று நடத்துகிறவர்களே எழுதியிருந்தால் மட்டும் அனுப்புங்கள். தமிழில் நான் அப்படிக் கண்டது அரிது.

பாமினி

கொமினிகேசன் கடைகளில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் தட்டச்சிடுகிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் "அம்மா" என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று திறக்கும். ஆசிரியர் மூடிவிட்டு அடுத்ததுக்குப் போவார். யுனிகோட்டில் அனுப்புங்கள். கடையில் கொடுத்தால் "யுனிகோட்டில் அடியுங்கோ" என்று வாய் திறந்து சொல்லுங்கள், காசு கொடுக்க முன்னர் உங்கள் கைபேசியில் ஒருக்கால் திறந்து பாருங்கள்.

காசு கட்டினால் தொகுப்பில் போடுவோம் என்பவர்கள்

வேண்டாம்.

ஒற்றைப் பிரதி

கையெழுத்துப் பிரதியைப் போட்டோக்கொப்பி எடுக்காமல் அனுப்பாதீர்கள். 2009 இல் எல்லாவற்றையும் போட்டுவிட்டு நடந்த சனம் நாங்கள். இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

பக்கத்துக் கந்தோரை மறப்பது

சென்னை இதழ்களின் முகவரி கேட்கிற பிள்ளைகள் பலருக்குத் தங்கள் பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தர் ஒருவர் இருப்பதே தெரியாது. கரைச்சி, கண்டாவளை, பூநகரி, அந்தப் பக்கம் புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், துணுக்காய் என்று எல்லா இடத்திலும் செயலகம் இருக்கிறது. பிரதேச மட்ட இலக்கியப் போட்டிகளின் அறிவித்தல் அங்கேதான் முதலில் ஒட்டப்படும். பாடசாலைப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைத்துவிடுகிறார்கள், திறந்த பிரிவும் உண்டு. இங்கே வென்றால் மாவட்டம், அதற்கு மேலும் போகலாம். இந்தப் போட்டிகளுக்கு வருகிற கதைகள் குறைவு, அதனால் உங்கள் கதையைக் கவனமாக வாசிப்பார்கள். வருடத் தொடக்கத்தில் நேரே போய், பெயரைச் சொல்லி, தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

முரசுமோட்டைத் தம்பி அடுத்த நாளே இரண்டு கடிதம் எழுதினார். பத்திரிகையிடமும் போட்டியிடமும் கதையைத் திரும்பக் கேட்டு, மாத இதழிடம் மட்டும் விட்டிருக்கிறார். அவருடைய கொப்பியின் முதல் பக்கத்தில் மூன்று வரி நிரம்பிவிட்டது.