மாசமான பிறகு இன்சூரன்ஸ் தேடுகிறீர்களா?

டெஸ்டில் இரண்டு கோடு விழுந்த கையோடு நிறையப் பேர் செய்கிற காரியம், ஃபோனை எடுத்து 'மெட்டர்னிட்டி இன்சூரன்ஸ்' என்று தேடுவது. தேடிய பாவத்துக்கு அடுத்த ஒரு வாரம் கால் சென்டர்காரர்கள் விடமாட்டார்கள். அதனால் விஷயத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் ஏற்கெனவே கர்ப்பமாக இருக்கும் ஒருவர் இன்று புதிதாகத் தனிநபர் பாலிசி எடுத்து, இதே பிரசவத்துக்கு அதில் பணம் வாங்குவது நடக்காத காரியம். பெரும்பாலான பாலிசிகளில் பிரசவச் செலவு கிடையாது என்றே எழுதியிருக்கும். பிரசவத்தைச் சேர்த்துத் தருகிற பாலிசிகளிலும் காத்திருப்புக் காலம் (பாலிசி எடுத்த பிறகு பணம் கேட்கக் காத்திருக்க வேண்டிய காலம்) பொதுவாகக் குறைந்தது ஒன்பது மாதம், பல பாலிசிகளில் இரண்டு வருடம், சிலவற்றில் அதற்கும் மேல். கர்ப்பம் என்று தெரிந்தாலே 'பிரசவம் முடிந்து வாருங்கள்' என்று விண்ணப்பத்தைத் திருப்பிவிடுகிற கம்பெனிகளும் உண்டு.

'சொல்லாம விட்டுடுங்க மேடம், யாரு பாக்கப் போறா' என்று சொல்லும் ஏஜென்டை அங்கேயே அனுப்பிவிடுங்கள். உங்கள் முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டின் மேலேயே கடைசி மாதவிடாய் தேதியும் எத்தனை வாரம் என்பதும் அச்சாகியிருக்கும். கிளைம் போனதும் அவர்கள் முதலில் கேட்கிற காகிதம் அதுதான். மறைத்தது தெரிந்தால் பிரசவப் பணம் கிடைக்காதது மட்டுமில்லை, பாலிசியையே ரத்து செய்யலாம், நாளைக்கு வேறு நோய்க்கும் அது உதவாது.

சரி, அப்படியானால் என்ன வழி? புதிதாக வாங்கத்தான் முடியாது. ஏற்கெனவே உங்கள் பெயரிலோ வீட்டுக்காரர் பெயரிலோ இருக்கிற உரிமைகளைத் தேடி எடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி உண்டு, அதைத் தவறவிட்டால் கிடைக்காது, எனவே மூன்றாவது மாதம் முடிவதற்குள் இதை உட்கார்ந்து பார்த்துவிடுவது நல்லது.

முதலில் ஆபீஸ். ஐ.டி. கம்பெனிகளிலும் ஓரளவு பெரிய தனியார் நிறுவனங்களிலும் ஊழியர்களுக்கு குரூப் இன்சூரன்ஸ் இருக்கும். இதில் பிரசவம் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் காத்திருப்புக் காலத்தைத் தள்ளுபடி செய்திருப்பார்கள், அதாவது இன்று சேர்ந்தவர் ஏழாம் மாதமாக இருந்தாலும் பணம் உண்டு. உங்களுக்கு இல்லையென்றால் வீட்டுக்காரரின் ஆபீஸில் பாருங்கள். அவர் கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் பெயரைச் சேர்த்தாரா என்று கேளுங்கள், ஏனென்றால் நிறைய ஆண்கள் அந்த மெயிலைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். கல்யாணமாகி ஒரு மாதத்துக்குள் மனைவி பெயரைச் சேர்க்க வேண்டும் என்பது வழக்கமான விதி. அதை விட்டுவிட்டால் அடுத்த வாய்ப்பு பாலிசி புதுப்பிக்கிற நேரம்தான். இங்கேதான் காலண்டரை எடுக்க வேண்டும். உதாரணமாக உங்கள் பிரசவத் தேதி ஜூன் என்றும், கம்பெனி பாலிசி ஏப்ரல் 1 அன்று புதுப்பிக்கப்படுகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள், மார்ச்சில் எச்.ஆர். அனுப்புகிற படிவத்தில் மனைவி பெயரைப் போட்டுவிட்டால் ஜூன் பிரசவத்துக்குப் பணம் வந்துவிடும், பாலிசியில் காத்திருப்புக் காலத்துக்குத் தள்ளுபடி இருக்கிற பட்சத்தில்.

எச்.ஆரிடம் 'மெட்டர்னிட்டி இருக்கா' என்று மட்டும் கேட்டால் 'இருக்கு' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பாலிசி விவரத் தாளையே கேட்டு வாங்குங்கள். சுகப்பிரசவத்துக்கு எவ்வளவு, சிசேரியனுக்கு எவ்வளவு என்று பாருங்கள். ஐந்து லட்சம் பாலிசி என்றால் பிரசவத்துக்கும் ஐந்து லட்சம் என்று நினைத்துவிட வேண்டாம், பிரசவத்துக்குத் தனி உச்சவரம்பு இருக்கும், ஐம்பதாயிரம், எழுபத்தையாயிரம் என்கிற கணக்கில்தான் பல கம்பெனிகளில் இருக்கிறது. சென்னையில் பெரிய தனியார் மருத்துவமனையில் சிசேரியன் லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம், மிச்சம் உங்கள் கையிலிருந்துதான். மாதாந்திர செக்கப், ஸ்கேன் செலவு சேருமா, அந்த உச்சவரம்புக்குள்ளேயா வெளியேயா, பிறக்கிற குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே காப்பீடு உண்டா என்பதையும் பாருங்கள்.

இருவருக்கும் வேலை, இருவர் ஆபீஸிலும் காப்பீடு என்றால் இரண்டையும் பயன்படுத்தலாம். ஒன்றில் கேஷ்லெஸ் (காப்பீட்டுக் கம்பெனியே மருத்துவமனைக்கு நேராகக் கட்டுவது) போட்டு அதன் வரம்பு தீர்ந்த பிறகு, முதல் கம்பெனி எவ்வளவு கொடுத்தது என்று தரும் கடிதத்தையும் மருத்துவமனை சான்றளித்த பில் நகல்களையும் வைத்து மீதியை இரண்டாவதில் கேட்கலாம். ஒரே பில்லுக்கு இரண்டு இடத்திலும் முழுப்பணம் வாங்க முடியாது, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம், வேலையை விடப் போகிறீர்களா? பொதுவாக கடைசி வேலை நாளோடு குரூப் காப்பீடும் முடிந்துவிடும். இது கணவரின் வேலைக்கும் பொருந்தும். எட்டாம் மாதத்தில் அவர் நல்ல சம்பளத்துக்குக் கம்பெனி மாறப் போகிறார் என்றால், புது இடத்தில் காப்பீடு சேர்ந்த நாளிலிருந்தே தொடங்குமா, அதில் பிரசவம் உண்டா என்று ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன்பே எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் உங்களுக்குப் பெரும்பாலும் ஈ.எஸ்.ஐ. (அரசின் தொழிலாளர் காப்பீடு) இருக்கும். சம்பள ரசீதில் 0.75 சதவீதம் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஈ.எஸ்.ஐ. என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் உண்டு, கூட்டமும் காத்திருப்பும் உண்மைதான். ஆனால் பிரசவத்தில் இதற்கு ஈடாக ஒரு தனியார் பாலிசியும் கிடையாது என்பது என் கருத்து, ஏனென்றால் உச்சவரம்பு என்கிற பேச்சே இல்லாமல் பிரசவம் பார்ப்பதோடு, வேலை பார்க்கும் பெண்ணுக்கு 26 வாரம் சம்பளத்துக்கு இணையான பணமும் தருகிறார்கள் (ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம்). கரு கலைந்தால் ஆறு வாரம். கர்ப்பத்தால் வரும் உடல்நலக் குறைவுக்கு மேலும் ஒரு மாதம் வரை கேட்கலாம். இந்தப் பணத்துக்கு முந்தைய இரண்டு சந்தா காலங்களில் 70 நாட்களுக்காவது சந்தா போயிருக்க வேண்டும். சந்தா காலம் என்பது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. நடுவில் இன்கிரிமென்ட் வந்து 21,000-ஐத் தாண்டிவிட்டால் உடனே வெளியே தள்ளிவிட மாட்டார்கள், அந்தக் காலம் முடிகிற வரை தொடரும். கணவருக்கு ஈ.எஸ்.ஐ. இருந்தாலும் மனைவிக்கு மருத்துவம் உண்டு, பெயரும் ஆதாரும் சேர்ந்திருக்க வேண்டும். அந்த 26 வாரப் பணம் மட்டும் வேலை பார்க்கும் பெண்ணுக்குத்தான்.

ஈ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு 1961-ஆம் ஆண்டின் பேறுகாலப் பலன் சட்டம் இருந்தது, அதில் 2017-இல் செய்த திருத்தம்தான் 12 வாரத்தை 26 ஆக்கியது; 2025 நவம்பர் முதல் இந்த உரிமைகள் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கின்றன. கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையைவிட்டு எடுக்கக்கூடாது என்பதும் அந்த 1961 சட்டத்தில் வந்ததுதான். இது சம்பள விடுப்பு, மருத்துவமனை பில்லுக்கான பணம் இல்லை, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆபீஸும் இல்லை, ஈ.எஸ்.ஐ.யும் இல்லை என்றால் அரசு மருத்துவமனை இருக்கிறது. நான் கடைசி வழியாக இதைச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் சிக்கலான பிரசவங்களைத் தனியார் மருத்துவமனைகளே அனுப்பி வைப்பது எழும்பூர் தாய்சேய் நல மருத்துவமனைக்கும் திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனைக்கும் அந்தந்த மாவட்டத்து மருத்துவக் கல்லூரிக்கும்தான். 2011-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தின்படி அங்கே சுகப்பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, ரத்தம், சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் இலவசம், குழந்தைக்கு ஒரு வயது வரை சிகிச்சையும் சேர்த்து.

எங்கே பிரசவம் பார்ப்பதாக இருந்தாலும் தமிழ்நாட்டில் பிக்மி எண் (அரசின் கர்ப்பகாலப் பதிவு எண்) வாங்கிவிடுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சம்மாவிடம் ஆதாரும் ஃபோன் நம்பரும் கொடுத்தால் பதிவு செய்வார், இணையத்திலும் செய்யலாம். 12 வாரத்துக்குள் செய்வது முக்கியம், ஏனென்றால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் தகுதி உள்ளவர்களுக்கு 18,000 ரூபாய் மதிப்பில் உதவி கிடைப்பதற்கு இதுதான் அடிப்படை. அதில் 14,000 தவணைகளாக வங்கிக் கணக்கில் வரும், 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும். பணம் வேண்டாம் என்பவர்களும் எண்ணை வாங்கத்தான் வேண்டும், பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்பார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையும் எடுத்து வையுங்கள். சாதாரணப் பிரசவத்துக்கு அது பெரிதாகப் பயன்படாது, ஆனால் குறைமாதத்தில் பிறந்த குழந்தையைத் தீவிர சிகிச்சையில் வைக்க நேர்ந்தால் அப்போது அதன் அருமை தெரியும். ரேஷன் கார்டு, வருமானச் சான்றிதழ் இரண்டையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் மையத்துக்குப் போக வேண்டும்.

நம் ஊரில் எல்லோரும் மறந்துபோகிற ஒன்று, தலைப்பிரசவம் தாய் வீட்டில். காப்பீடு கணவரின் சென்னைக் கம்பெனியில் இருக்கும், ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்துப் பெண் போவது காரைக்குடிக்கோ கோவில்பட்டிக்கோ. அங்கே அம்மா வழக்கமாகக் காட்டுகிற டாக்டரம்மா நர்சிங் ஹோம் கேஷ்லெஸ் பட்டியலில் இருக்காது. ஆகவே அழைத்துப் போகும் முன்பே அந்த ஊர்ப் பட்டியலைப் பாருங்கள். இல்லையென்றால் முழுப்பணத்தையும் கட்டிவிட்டுப் பிறகு கேட்டு வாங்க வேண்டியிருக்கும், அதற்கும் அந்த நர்சிங் ஹோமுக்குப் பதிவு எண் இருக்க வேண்டும், முறையான பில் தர வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதித் தருகிற இடமானால் கிளைமை மறந்துவிடலாம். ஈ.எஸ்.ஐ.காரர்களும் தாய் வீட்டு ஊரில் எந்த ஆஸ்பத்திரி என்று உங்கள் மருந்தகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள், பிக்மி பதிவில் இடம் மாறுவதையும் நர்சம்மாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

தனியார் மருத்துவமனை என்றால் அறை வாடகையில்தான் நிறையப் பேர் அடிவாங்குவது. பாலிசியில் ஒரு நாள் வாடகை 4,000 வரை என்று இருக்கும்போது 8,000 ரூபாய் அறை எடுத்தால், கூடுதல் 4,000-ஐ மட்டும் நாம் கட்டினால் போதும் என்று தோன்றும். அப்படி இல்லை. பாதி வாடகைக்குத்தான் தகுதி என்பதால் டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாவற்றிலும் பாதியைத்தான் ஏற்பார்கள், 60,000 பில்லில் 30,000. மருந்துக்கு பொதுவாக இந்த வெட்டு கிடையாது. சொந்தக்காரர்கள் வந்து உட்கார இடம் வேண்டுமே என்று பெரிய அறை எடுப்பதற்குமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஒன்பதாம் மாதத் தொடக்கத்திலேயே மருத்துவமனை இன்சூரன்ஸ் கவுன்டரில் முன் அனுமதிப் படிவத்தை நிரப்பிவிடலாம். டாக்டர் எழுதும் குறிப்பில் 'ஜி2 பி1 எல்1' மாதிரி ஒன்று இருக்கும். இரண்டாவது கர்ப்பம், முன்பு ஒரு பிரசவம், உயிரோடு ஒரு குழந்தை என்று அர்த்தம். பல பாலிசிகள் முதல் இரண்டு குழந்தைகளுக்கு மட்டும் என்பதால் இதைத்தான் அவர்கள் கூர்ந்து பார்ப்பார்கள், எண் தவறாக இருந்தால் அப்போதே திருத்தி வாங்குங்கள். டிஸ்சார்ஜ் அன்று இறுதி அனுமதி மூன்று மணி நேரத்துக்குள் வர வேண்டும் என்பது 2024 முதல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. இழுத்தடித்தால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

கையில் பழைய தனிநபர் பாலிசி இருந்தால் 'பிரசவத்துக்குத்தான் உதவாதே' என்று புதுப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள். கர்ப்பகாலத்தில் டெங்கு வந்தாலோ அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் என்றாலோ அது கொடுக்கும். கருக்குழாயில் கரு தங்கினால் அதுவும் பிரசவ விலக்கில் சேராது என்று விதியிலேயே இருக்கிறது.

குழந்தை பிறந்ததும் ஆபீஸ் காப்பீட்டில் அதன் பெயரைச் சேர்க்கப் பெரும்பாலும் முப்பது நாள் தருவார்கள். பெயர் வைக்கிற வரை காத்திருக்க வேண்டியதில்லை, 'பேபி ஆஃப்' என்று அம்மா பெயரைப் போட்டே பல இடங்களில் சேர்க்கலாம். அப்புறம் அடுத்த குழந்தை யோசனை இருப்பவர்கள் தனிநபர் பாலிசி எடுக்க இதுதான் நேரம், குழந்தைக்குத் தொண்ணூறு நாள் முடிந்தால் அதையும் சேர்த்தே எடுக்கலாம், இரண்டு வருடக் காத்திருப்பு அன்றிலிருந்து ஓடத் தொடங்கும். பிரசவம் சேர்ந்த பாலிசிக்குப் பிரீமியம் கூடுதல், ஆகவே பிரசவம் இல்லாத பாலிசிக்கும் அதற்கும் வருடத்துக்கு எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்து, காத்திருக்கிற வருடங்களால் பெருக்குங்கள். அந்தத் தொகை அவர்கள் தருகிற உச்சவரம்பை நெருங்கினால் சாதாரண பாலிசியே போதும், வித்தியாசத்தை ஆர்.டி.யில் போட்டு வையுங்கள்.