ஏஐ நோட்ஸ் ஆப் படிக்க உதவுமா? நம்மூர் பாடத்தை வச்சே சோதிச்சுப் பாக்கலாம்

டிஎன்பிஎஸ்சிக்கு படிக்கிறவங்க, நர்சிங் பிள்ளைங்க, பிளஸ் டூ பிள்ளைங்கன்னு நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் நிறைய பேர் போன்ல இப்ப ஏதாவது ஒரு ஏஐ நோட்ஸ் ஆப் கிடக்கு, அதாவது நாம ஏத்துற நோட்ஸை சுருக்கி தந்து, அதுல கேக்குற கேள்விக்கு பதில் சொல்ற ஆப். எது நல்லதுன்னு கேக்குறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான் மக்களே, உங்களுக்கு ஏற்கெனவே நல்லா தெரிஞ்ச பாடத்தை குடுத்து சோதிங்க. தெரியாத பாடத்தை குடுத்தா அது தப்பா சொன்னாலும் உங்களுக்கு பிடிபடாது, எழுத்து அழகா இருக்குன்னு நம்பிருவீங்க.

முதல் படி, ஒரு சின்ன நோட்ஸ் டைப் பண்ணுங்க. நம்ம மாவட்டத்தை பத்தியே இருக்கட்டும்: 1949-ல திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாச்சு, 1956 நவம்பர் 1-ல குமரி மாவட்டம் அன்னைக்கு சென்னை மாநிலமா இருந்த தமிழ்நாட்டோட சேர்ந்துச்சு, பத்மநாபபுரம் அரண்மனை தக்கலை பக்கத்துல இருக்கு ஆனா பராமரிக்கது கேரள தொல்லியல் துறை, வள்ளுவர் சிலைக்கு பீடம் 38 அடி சிலை 95 அடி மொத்தம் 133, மாத்தூர் தொட்டிப்பாலம் பறளியாத்துக்கு மேல போகுது. இவ்வளவு போதும், இதை ஆப்ல ஏத்துங்க.

ரெண்டாவது படிதான் முக்கியம், இதுல அவசரப்படாதீங்க. மூணு விதமா கேள்வி கேக்கணும். நோட்ஸ்ல நேரா இருக்குறது ஒண்ணு, "பீடத்தை விட்டுட்டு சிலை மட்டும் எத்தனை அடி?"ன்னு கேளுங்க, 133-ன்னு சொன்னா அது உங்க நோட்ஸை சரியா படிக்கலேன்னு அர்த்தம். அடுத்து நோட்ஸ்ல இல்லாதது, "தொட்டிப்பாலம் கட்ட எவ்வளவு செலவாச்சு?" மாதிரி. நல்ல ஆப்னா "நீங்க குடுத்ததுல இது இல்ல"ன்னு சொல்லும், மோசமானது ஒரு தொகையை அடிச்சு விடும். மூணாவது, தப்பான கேள்வி: "குமரி மாவட்டம் 1949-ல தமிழ்நாட்டோட சேர்ந்ததுக்கு காரணம் என்ன?" அந்த வருஷம் நோட்ஸ்லயே வேற விஷயத்துக்கு இருக்குறதால பல ஆப் இங்கதான் தடுக்கி விழும், நீங்க சொன்னதையே பிடிச்சுகிட்டு நாலு காரணம் எழுதி தரும். பரீட்சைக்கு படிக்கிற ஒருத்தருக்கு இதைவிட ஆபத்து வேற கிடையாது. அரண்மனை எந்த மாநிலத்துல இருக்குன்னும் கேட்டு பாருங்க, பராமரிக்கது கேரளான்னதும் இடத்தையும் கேரளாவுக்கு கொண்டு போகுதான்னு தெரிஞ்சிரும்.

பதில் பக்கத்துலயே எந்த வரியில இருந்து எடுத்துச்சுன்னு காட்டுதா பாருங்க. கூகுளோட நோட்புக்எல்எம்ல பதிலுக்கு பக்கத்துல சின்ன நம்பர் வரும், அதை தொட்டா நீங்க ஏத்துன ஃபைல்ல அந்த இடத்தையே காட்டும். இந்த வசதி இல்லாத ஆப்பை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அடுத்தது தமிழ். கோச்சிங் சென்டர்ல சுத்துற பழைய பிடிஎஃப் நிறைய பாமினி ஃபாண்ட்ல அடிச்சது, கண்ணுக்கு தமிழா தெரியும், உள்ள இருக்குறது ஆங்கில எழுத்து. ஒரு வரியை காப்பி பண்ணி வாட்ஸ்அப்ல பேஸ்ட் பண்ணுங்க, அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தா வந்தா பல ஆப்புக்கும் அது அப்படித்தான் போய் சேரும், அதை வச்சு அது குடுக்குற சுருக்கத்தை நம்ப முடியாது. அந்த பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து படமா ஏத்துங்க, இல்ல யூனிகோடுக்கு, அதாவது எல்லா போன்லயும் தமிழ் எழுத்தாவே பதிவாகுற முறைக்கு, மாத்திட்டு ஏத்துங்க. கையெழுத்து நோட்டை போட்டோ எடுத்து ஏத்துனா ஒரு பத்தியாவது சொல்லுக்கு சொல் ஒத்துப் பாத்துக்கிடுங்க, ல ள ழ, ர ற எல்லாம் மாறி கிடக்கும்.

கிளாஸ் ஆடியோவுக்கும் இதேதான். நம்ம ஊர் வாத்தியார் "எனக்க", "ஒனக்க"ன்னு பேசுறதும் நடுவுல மலையாள சொல்லு வர்றதும் ஓட்டுல மழை விழுற சத்தமும் சேந்தா ஆப் திணறும், பேச்சே இல்லாத இடத்துல கூட சில மாடல் தானா ஒரு வாக்கியத்தை எழுதி வைக்கும். அஞ்சு நிமிஷ ஆடியோ குடுத்து, கேட்டுகிட்டே படிச்சு பாருங்க. ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி வாத்தியார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க.

இனி படிப்பு. சுருக்கம் அழகா வருதுங்கறதுக்காக ஆப்பை எடுக்காதீங்க. ரோடிகர், கார்பிக்குன்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2006-ல சோதிச்சப்போ, திரும்ப திரும்ப வாசிச்சவங்களைவிட வாசிச்சுட்டு பாக்காம எழுதி பாத்தவங்களுக்குத்தான் ஒரு வாரம் கழிச்சு அதிகம் ஞாபகம் இருந்துச்சு. அதனால ஆப் உங்களை கேள்வி கேக்குதா, தப்பா சொன்னதை ரெண்டு நாள் கழிச்சு திரும்ப கொண்டு வருதா, நாலு ஆப்ஷன் குடுக்காம நீங்களே பதில் எழுதுற மாதிரி விடுதா, இதை பாருங்க. குவிஸ்ல அது சொல்ற சரியான விடையையும் புக்கோட ஒத்துப் பாக்கணும், ஏன்னா விடையும் அதே ஏஐ எழுதுறதுதான்.

காசு விஷயம் சுருக்கமா சொல்றேன். ஃப்ரீ டிரையல்னு சொல்லி யூபிஐ ஆட்டோபே (உங்க அக்கவுண்ட்ல இருந்து பணம் தானா போறதுக்கான அனுமதி) கேட்டா, டிரையல் முடியுற தேதியை குறிச்சு வச்சு, வேண்டாம்னா முந்தின நாளே உங்க யூபிஐ ஆப்ல போய் அந்த ஆட்டோபேயை கேன்சல் பண்ணிருங்க. ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணினா மட்டும் பணம் போறது நிக்காது.

கடைசியா, ஏத்துன நோட்ஸை முழுசா வெளிய எடுக்க முடியுதா, அக்கவுண்டை அழிக்க பட்டன் இருக்கான்னு பாத்துட்டு, இருந்தா மட்டும் மத்த பாடத்தை ஒவ்வொண்ணா ஏத்த ஆரம்பிங்க.