ராஸ்பெர்ரி பையில் சினிமா கேமரா

ராஸ்பெர்ரி பை 5 என்ற சின்னக் கணினி, சோனி ஐஎம்எக்ஸ்477 சென்சார் உள்ள ஹெச்க்யூ கேமரா, சினிபை என்ற இலவச மென்பொருள், இவ்வளவு இருந்தால் சென்சார் தரும் தரவை அப்படியே சேமிக்கும் சினிமாடிஎன்ஜி ரா வடிவத்திலேயே படம்பிடிக்கலாம். கேமராவோடு வரும் 15 பின் கேபிள் பை 5-இல் பொருந்தாது, ஒரு முனையில் 22 பின், மறுமுனையில் 15 பின் உள்ள கேபிளைத் தனியாக வாங்குங்கள்.

எஸ்டி கார்டில் பதிவு செய்யவே வேண்டாம். 2028×1080 அளவில் 12 பிட் ராவைச் சுருக்காமல் நொடிக்கு 24 ஃபிரேம் எழுதினால் நொடிக்குச் சுமார் 80 எம்பி வரும், அதனால் வேகமாக எழுதும் என்விஎம்ஈ எஸ்எஸ்டி சேமிப்பகம் போட்டுவிடுங்கள், காசு அங்கே போனாலும் பரவாயில்லை.

அப்புறம் லென்ஸ். பழைய சிசிடிவி கேமராவின், திருகி மாட்டும் சி-மவுண்ட் லென்ஸே அழகாக இருக்கும். தூரத்து மரம் மங்கலாகவே தெரிந்தால் லென்ஸைக் குறை சொல்லாதீர்கள், கேமராவில் லென்ஸ் மாட்டும் மவுண்ட்டின் சின்ன திருகைத் தளர்த்தி, லென்ஸுக்கும் சென்சாருக்கும் உள்ள தூரத்தை மாற்றும் பேக் ஃபோகஸ் வளையத்தை மெதுவாகத் திருப்புங்கள், இலை விளிம்பு கூர்மையானதும் திருகை இறுக்குங்கள்.