படங்களை வெப்பி வடிவத்துக்கு மாற்றும் முறை

இணையதளத்தில் ஏற்றவேண்டிய படத்தின் எடையைக் குறைக்க முனைவோர் பலர் கோப்பு வடிவத்தை மட்டும் வெப்பிக்கு (WebP, படத்தைச் சிறிய கோப்பாகச் சுருக்கும் வடிவம்) மாற்றிவிட்டு நின்றுவிடுகிறார்கள். கைப்பேசியில் எடுத்த 12 மெகாபிக்சல் படத்தின் அகலம் ஏறத்தாழ 4000 பிக்சல். கட்டுரைப் பக்கத்தில் அதற்குக் கிடைக்கும் இடமோ பெரும்பாலும் 800 பிக்சலைத் தாண்டாது. ஆகவே முதலில் குறைக்கவேண்டியது நீள அகலத்தைத்தான். 4000க்கு 3000 என்றிருப்பதை 1200க்கு 900 ஆக்கினாலே பிக்சல்களின் எண்ணிக்கை பதினொன்றில் ஒரு பங்காகிவிடும்.

இலவச மென்பொருளான கிம்ப்பில் படத்தைத் திறக்கும்போது, அதை நிமிர்த்திச் சுழற்றவா என்று கேட்டால் ஒப்புக்கொள்ளுங்கள். இல்லையேல் ஏற்றிய பிறகு ஆட்கள் பக்கவாட்டில் படுத்துக் கிடப்பார்கள். 'ஸ்கேல் இமேஜ்' என்பதில் அகலத்தை 1200 ஆக்கிவிட்டு, 'எக்ஸ்போர்ட் ஆஸ்' வழியாகச் சென்று, பெயரின் பின்னொட்டை '.webp' என மாற்றிச் சேமிக்கவேண்டும். (கோப்புறையில் பின்னொட்டை மட்டும் திருத்தினால் பெயர் மாறுமே தவிர வடிவம் மாறாது.) அப்போது தோன்றும் பெட்டியில் தரத்தை 80 அளவில் வைப்பது ஒளிப்படங்களுக்குப் போதும். எடுத்த இடத்தின் விவரத்தைக்கூடச் சுமந்திருக்கும் எக்ஸிஃப் தகவலைச் சேமிக்கும் தேர்வை எடுத்துவிடுவது நல்லது.

எழுத்துள்ள படங்களுக்கு இந்த வழி ஒத்துவராது. கூகுள் 2010இல் வெளியிட்ட வெப்பியின் இழப்புள்ள முறை (சில விவரங்களைக் கைவிட்டுக் கோப்பைச் சுருக்குவது; மேலே சொன்னது இதுதான்), விபி8 என்னும் காணொளி நுட்பத்திலிருந்து வந்தது. அது ஒளியின் ஏற்ற இறக்கத்தைப் பிக்சல்தோறும் குறித்துக்கொண்டாலும், நிறத்தை நான்கு பிக்சலுக்கு ஒருமுறைதான் குறித்துக்கொள்கிறது. மஞ்சள் தாளில் சிவப்பு மையில் அச்சான திருமண அழைப்பிதழ் ஒன்றை இப்படி மாற்றிப் பெரிதாக்கிப் பார்த்தால், எழுத்தின் ஓரங்களில் சிவப்பு கசிந்து, 'ண்' மேலுள்ள புள்ளி மங்கிப்போயிருப்பதைக் காணலாம். இத்தகையவற்றுக்கும் திரைப்பிடிப்புகளுக்கும் 'லாஸ்லெஸ்' (இழப்பற்ற முறை) என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போதும் பிஎன்ஜி என்னும் பட வடிவத்தைவிடக் கோப்பு பெரும்பாலும் சிறிதாகவே இருக்கும்.

இழப்புள்ள முறையில் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் விவரம் கொஞ்சம் தேய்வதால், மூலப்படத்தைத் தனியே வைத்திருந்து, திருத்தம் வேண்டும்போது அதிலிருந்தே தொடங்கவேண்டும். ஏற்கெனவே நன்றாகச் சுருக்கப்பட்ட ஜேபெக் படம் சில வேளைகளில் வெப்பியாக மாறியபின் கூடுதல் எடையோடு வந்து நிற்கும்; அதனை ஜேபெக்காகவே விட்டுவிடலாம்.