மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் கண் சொக்காத பயிற்சி வகுப்பு: முதல்முறை நடத்துபவர்களுக்கு

கானாடுகாத்தானில் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை ஓட்டலாக மாற்றியிருந்தார்கள். அங்கே ஹவுஸ்கீப்பிங் ஆட்களுக்கு நான் எடுத்த முதல் வகுப்பில் 40 ஸ்லைடு. மணி இரண்டு, எல்லாரும் வயிறு நிறையச் சாப்பிட்டு வந்திருந்தார்கள். பத்தாவது ஸ்லைடில் பின்வரிசை சுவரில் சாய்ந்துவிட்டது. முன்னால் இருந்த ஓர் அக்கா மட்டும் கேட்டார்: "தம்பி, இம்புட்டு நேரம் பேசுனீங்க, ஒரு வாட்டி தொடச்சுக் காட்டுங்களேன்." எனக்கு மாப்பைப் பிழியக்கூடச் சரியாகத் தெரியாது.

இப்போது நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். இதன் அடிப்படை என்னுடையது அல்ல. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புது ஆட்களைச் சீக்கிரம் வேலைக்குப் பழக்க வந்த 'டிரெய்னிங் வித்தின் இண்டஸ்ட்ரி' திட்டத்தில் இருப்பதுதான்.

படி 1: ஒரே ஒரு வேலை

'சுத்தம்' என்று தலைப்பு வைக்காதீர்கள். 'ஆத்தங்குடிக் கல் தரையைத் துடைப்பது' என்று வையுங்கள் (செட்டிநாட்டு வீடுகளின் தரையில் பதிக்கும் வண்ண டைல்ஸைத்தான் ஆத்தங்குடிக் கல் என்கிறேன்). முந்தின நாளே அதை நன்றாகச் செய்பவர் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் அவர் செய்வதையும் வலப்பக்கம் எதில் கவனம் வேண்டும் என்பதையும் எழுதுங்கள். ஏழெட்டு வரிக்கு மேல் போனால் அதை இரண்டு வகுப்பாகப் பிரித்துவிடலாம்.

படி 2: முதல் பத்து நிமிடம் அவர்களுடையது

கொஞ்சம் மல்லிகைப்பூவும் வாழைநாரும் கொண்டுபோங்கள். பூக்கட்டத் தெரியாத ஒருவரை அழைத்து, மற்றவர்களை வாயால் மட்டும் சொல்லித்தரச் சொல்லுங்கள். கையை நீட்டக் கூடாது. "ரெண்டு பூ இந்தப் பக்கம், ரெண்டு அந்தப் பக்கம், நாரைச் சுத்தி இழு" என்று ஆளாளுக்குக் கத்துவார்கள். பூ உதிரும், சிரிப்பு வரும். வெறும் பேச்சில் வேலை படியாது என்பதை நீங்கள் விளக்கவே வேண்டாம். தூக்கமும் அதோடு போயிருக்கும்.

படி 3: மூன்று தடவை செய்து காட்டுங்கள்

முதல் தடவை என்ன செய்கிறீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். இரண்டாம் தடவை கவனிக்க வேண்டியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மூன்றாம் தடவை காரணம். உங்களுக்கு அந்த வேலை வராதென்றால் வெட்கப்படாமல் தெரிந்தவரைச் செய்யச் சொல்லிவிட்டு, நீங்கள் பேசுங்கள்.

காரணத்தைக் கண்ணால் காட்ட முடிந்தால் விடாதீர்கள். ஆசிட் கலந்த கிளீனர் இந்தத் தரைக்கு ஆகாது என்று பத்து முறை சொல்லியிருப்பார்கள். நான் மீந்துபோன ஒரு கல்லைக் கொண்டுவந்து, அதில் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டு வைத்துவிடுவேன். ஆத்தங்குடிக் கல் சூளையில் வேகாதது. கண்ணாடியின் மேல் அச்சு வைத்து, நிறம் கலந்த சிமென்ட்டை ஊற்றிச் செய்வது. அந்த மினுமினுப்பு கண்ணாடி தந்தது. சிமென்ட்டைப் புளிப்பு அரித்துவிடும். கொஞ்ச நேரம் கழித்துத் துடைத்தால் சொட்டு விழுந்த இடம் மட்டும் மங்கித் தெரியும். "அதான் வாசப்படிகிட்ட அப்படி வெளுத்துக் கெடக்கா!" என்று ஒருவர் சொன்னார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

படி 4: அவர்கள் கையில் மாப்

மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள். ஒருவர் செய்வார், ஒருவர் தாளை வைத்துக்கொண்டு பார்ப்பார், மூன்றாமவர் "ஏன்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அப்புறம் இடம் மாறிக்கொள்வார்கள். தவறு கண்ணில் பட்டால் அப்போதே, பக்கத்தில் போய், மெதுவாகச் சொல்லுங்கள். மாப்பைப் பிடுங்கி நீங்களே துடைத்துக் காட்டும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். "புரிஞ்சுதா?" என்ற கேள்வியால் ஒரு பயனும் இல்லை, எல்லாரும் தலையாட்டுவார்கள். "வாளித் தண்ணியை ஏன் இப்ப மாத்துனீங்க?" என்று கேளுங்கள்.

படி 5: ஒரு வாரம் கழித்து

காலையில் அவர்கள் துடைக்கிற நேரத்துக்குப் போய் நில்லுங்கள். பரீட்சை வைக்க வேண்டாம். எந்த வரியில் தடுமாறுகிறார்கள் என்று பாருங்கள். மூன்று பேர் ஒரே இடத்தில் தடுமாறினால் கோளாறு உங்கள் தாளில்தான், அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள். என் தாளில் 'ஈரம் குறைவாக' என்றிருந்ததை அந்த அக்காதான் மாற்றச் சொன்னார். இப்போது 'பிழிந்து தூக்கினால் சொட்டக் கூடாது' என்று இருக்கிறது.